சரியான நிறம் என்று ஒன்று: ஒரு ஸ்டூடியோப் படமும் சில வரலாறுகளும்

1

"ஏன் தம்பி, எங்கம்மை மூஞ்சிக்கு இப்படி வெள்ளையடிச்சு வச்சிருக்கிய?"

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வாடகை வீட்டுத் திண்ணையில் வைத்து அந்த அக்கா கேட்ட கேள்வி இது. பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான, காலம் தாழ்ந்த பதில்.

மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களின் பழைய போட்டோக்களை நாங்கள் நாலைந்து பேர் சேகரித்துக்கொண்டிருந்தோம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தாமிரபரணியின் தலைமாட்டில் கிடக்கும் தேயிலைத் தோட்டங்கள் அவை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் காடு. குத்தகை 2028இல் முடிகிறது. அதையொட்டி 2024 ஜூனில் 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் தொழிலாளர்களுக்குக் கணக்கு முடிக்கத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளியவர்கள், தகரப் பெட்டிகளோடு அம்பாசமுத்திரம் பக்கம் இறங்கினார்கள். பெட்டிக்குள் ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, போட்டோ. நிலப்பட்டா இல்லாதவர்களுக்கு 'நாங்க அங்கதான் இருந்தோம்' என்று சொல்ல இருக்கிற ஆவணங்கள் இவ்வளவுதான். ஆக, இந்தப் படங்களை ஸ்கேன் செய்து வைப்பது பழங்கதை பேசுகிற பொழுதுபோக்கு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அக்காவின் அம்மை படம் 1980களில் அம்பாசமுத்திரத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கலர்ப்படம். பின்னால் வரைந்த திரைச்சீலையில் மாடிப்படியும் பூந்தொட்டியும். முன்னால், நாற்காலி முதுகில் ஒரு கையை வைத்தபடி அவர். மலை ஈரத்தில் நாற்பது வருஷம் கிடந்து படம் முழுக்கச் செம்மண் பூசியதுபோல் ஆகியிருந்தது. கலர்த்தாளில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. அக்காலத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம்தான் பெட்டிக்குள் இருட்டில் கிடந்தே முதலில் வெளிறிப்போகும். மிஞ்சிய இரண்டும் சேர்ந்து படத்தைச் சிவக்கவைக்கும்.

நான் அதை ஸ்கேன் செய்தேன். ஃபோட்டோஷாப்பில் 'ஆட்டோ கலர்' பொத்தானை அமுக்கினேன். ஒரு நொடியில் சிவப்பு போய்விட்டது. திரைச்சீலை 'இயல்பாக' ஆனது. முகம் மட்டும் சாம்பல் பூத்து இருண்டு நின்றது. சரி, கொஞ்சம் வெளிச்சம் கொடுப்போம் என்று 'கர்வ்ஸ்' கோட்டைப் பிடித்து மேலே தூக்கினேன். என் திரையில் நன்றாகத்தான் இருந்தது. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக் கம்ப்யூட்டரில் அதே கோப்பு வேறு மாதிரி. அக்காவுக்குக் காட்டிய செல்போனில் இன்னொரு மாதிரி. ஒரே கோப்பு, மூன்று பெண்கள். மூன்றாமவரைப் பார்த்துத்தான் அக்கா அப்படிக் கேட்டது.

2

இது ஏன் நடக்கிறது என்று முதலில் இயந்திரத்தின் மொழியிலேயே பார்த்துவிடுவோம். 'எல்லாமே அரசியல்' என்று ஒரே தாவில் போய்விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. திருகாணி எங்கே கழன்றது என்று பார்க்காமல் பேசுகிற அரசியல் எனக்குப் போதவில்லை.

கம்ப்யூட்டருக்கு நிறம் கிடையாது, எண்தான் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. அந்த எண் எந்தச் சிவப்பைக் குறிக்கிறது என்பதை எண் சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு சீட்டு வேண்டும். 'புரொஃபைல்' என்று அதற்குப் பெயர். என் ஸ்கேனர் 1998இல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. என்ற விரிந்த அளவுகோலில் எண்களை எழுதியது. நான் அந்தச் சீட்டை ஒட்டாமலே கோப்பைச் சேமித்தேன். சீட்டில்லாத கோப்பைப் பெற்ற செல்போன், அது எஸ்.ஆர்.ஜி.பி. என்ற குறுகிய அளவுகோல் என்று தானாக நினைத்துக்கொண்டது. 1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்து, 1999இல் சர்வதேசத் தரமான அளவுகோல் அது. விரிந்த அளவுகோலில் எழுதிய எண்ணைக் குறுகிய அளவுகோலில் படித்தால் நிறம் சோர்ந்து வெளிறும். மரக்காலில் அளந்த நெல்லைப் படி என்று கணக்கெழுதினால் என்ன ஆகும், அதுதான்.

'ஆட்டோ கலர்' செய்ததோ வேறொன்று. படத்தில் ஆக இருண்ட புள்ளியையும் ஆக வெளுத்த புள்ளியையும் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ளதை இழுத்து விரித்து, நடுவில் இருப்பது சாம்பலாக இருக்க வேண்டும் என்று அது ஊகிக்கிறது. படத்தில் மிகுந்திருக்கும் சிவப்பை 'கறை' என்று கழிக்கிறது. சாயம் வெளிறியதால் வந்த சிவப்பு எது, அந்த அம்மாவின் தோலில் இருந்த செம்பழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. மிச்சம் சாம்பல்.

கர்வ்ஸைத் தூக்கி வெளிச்சம் கொடுத்தது இயந்திரமல்ல, நான். அதை நான் 'மீட்பு' என்று நினைத்துச் செய்தேன். இதற்குப் பின்னால் வருகிறேன்.

3

இந்தச் சமயத்தில் நண்பர் ஒருவர் பழைய சி.டி. ஒன்றைக் கொண்டு வந்தார். 2000 வாக்கில், ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக டி.டி.பி. மையம் ஒன்றில் மேக்கின்டோஷில் ஸ்கேன் செய்து வைத்த படங்கள். 1999 ஜூலை 23 படங்கள்.

அந்த நாளை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. என்றாலும் சொல்கிறேன். மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலம், கொக்கிரகுளத்தில் தடியடி, ஆற்றுக்குள் விரட்டப்பட்ட கூட்டம், ஒரு பச்சிளம் குழந்தை உட்பட 17 சாவுகள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தில் அதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். தண்ணீரில் என்ன நடந்தது என்ற வழக்கில் படங்களே சாட்சியாக நின்ற நாள் அது.

என் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் திறந்தபோது நீர் தெரிந்தது, கரை தெரிந்தது, சீருடை தெரிந்தது. நீரில் நின்றவர்களின் முகங்கள் தெரியவில்லை. இருட்டுத் திட்டுகள். 'அந்தக் காலத்து ஸ்கேனர் அவ்வளவுதான்' என்றார் நண்பர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோளாறு ஸ்கேனரில் இல்லை. அக்கால மேக்கின்டோஷ்கள் 'காமா' 1.8 என்ற கணக்கில் வெளிச்சத்தைக் காட்டின. மற்றக் கம்ப்யூட்டர்கள் 2.2. ஆப்பிள் தானும் 2.2க்கு மாறியது 2009இல்தான். சீட்டு ஒட்டாத அந்தக் கோப்புகளை இன்றைய இயந்திரம் 2.2 என்றே படிக்கிறது. எல்லாமே சற்று இருண்டு போகிறது.

'எல்லாமே சற்று' என்றேன். இங்கேதான் நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். படத்தில் வெளுத்த முகத்தின் எண் 200 என்று வைத்துக்கொள்வோம். 1.8 கணக்கில் அது 64.6 விழுக்காடு ஒளி. 2.2 கணக்கில் 58.6. பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. நடுத்தரமான 128ஐ எடுத்தால் 28.9 என்பது 22.0 ஆகிறது. கால் பங்கு போய்விட்டது. நிழலில் நிற்கும் கறுத்த முகத்தின் எண் 50 என்றால்? 5.3 என்பது 2.8 ஆகிறது. ஏறத்தாழப் பாதி போச்சு.

பிழை ஒன்றே. அது எல்லோர் மேலும் சமமாக விழவில்லை. வெளுத்தவரைத் தடவிவிட்டுப் போகிறது, கறுத்தவரை அழித்துவிட்டுப் போகிறது. இதில் எவருடைய சதியும் இல்லை. அடுக்கேற்றக் கணக்கின் இயல்பு அது. சதி இல்லாமலே ஓரவஞ்சனை நடக்கும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அமைப்பு என்று நாம் கோட்பாட்டில் எதைச் சொல்லிவருகிறோமோ அதை இங்கே தசமப் புள்ளியில் பார்க்க முடிகிறது.

செய்தித்தாளில் இது இன்னும் முற்றும். செய்தித்தாளில் மை ஊறிப் புள்ளிகள் பருத்துவிடும். பாதி அடர்த்தி என்று கணக்கிட்ட இடம் தாளில் முக்கால் அடர்த்தியாக விழும். நிழல்கள் அடைபடும். கூட்டப் படங்களில் மேடையில் இருப்பவருக்கு முகமும் கீழே இருப்பவர்களுக்கு வெறும் தலையும் வாய்ப்பதில் மைக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த சி.டி. கோப்புகளுக்கு 1.8 என்ற சீட்டை ஒட்டினேன். எண்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை, சீட்டை மட்டும் ஒட்டினேன். திட்டுகளுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் நெற்றி வந்தது. பிறகு, கையைத் தூக்கியிருந்த ஒருவரின் வாய். கால் நூற்றாண்டாக அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். நானும் நண்பரும் வெகுநேரம் பேசவில்லை.

4

சமமாக விழாத இந்தப் பிழைக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் அரை நூற்றாண்டுப் போட்டோத் தட்டுகளுக்கு நீல ஒளிதான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு. 1873இல் ஜெர்மானியர் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்துப் பச்சையைத் தெரியவைத்தார். சிவப்பையும் உணரும் 'பான்குரோமாட்டிக்' தட்டுகள் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தன. பழுப்புத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் செம்மையும் மஞ்சளுமே அதிகம். ஆகவே அந்தத் தட்டுகளில் நம் ஆட்கள் இருந்ததைவிடக் கறுத்தே பதிந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து மண்டையும் மூக்கும் அளந்து, 1909இல் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் படத்தோடு அடுக்கிய காலம் இந்தத் தட்டுகளின் காலம். சாட்சி சொன்ன தட்டுக்கே பாதி நிறங்கள் தெரியாது என்பதை அந்தப் படங்களைப் பார்க்கும்போது நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஊர் ஸ்டூடியோக்கள் இதற்குத் தம் கையால் பதில் செய்தன. பாளையங்கோட்டையில் ஐம்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்த அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். "கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூணும் இல்லாம ஸ்டூடியோ கிடையாது பாத்துக்கிடுங்க" என்றார். நெகட்டிவில் முகத்தின்மேல் கூரான பென்சிலால் பொடிப்பொடியாக இழைப்பதை 'டச்சிங்' என்பார்கள். நெகட்டிவில் கரி ஏற ஏறத் தாளில் முகம் வெளுக்கும். கரியால் வெளுக்கவைக்கிற வித்தை! தாளிலும் 'சாஃப்ட்', 'நார்மல்', 'ஹார்ட்' என்று தரங்கள் உண்டு. "வெள்ளை வேட்டி கட்டின கறுத்த ஆளுன்னா சாஃப்ட் பேப்பர்லதான் போடணும். ஹார்ட்டுல போட்டா வேட்டி மட்டுந்தான் வரும்." எந்த நியமமும் எழுதி வைக்காத ஒன்று அவர் விரலில் இருந்தது. ஆனால் அதே விரல்தான், யாரும் கேட்காமலே, கல்யாணப் பொண்ணு படத்தை இரண்டு தரம் வெளுக்கவும் வைத்தது. "கேக்க மாட்டாவ. ஆனா வெளுக்கலைன்னா படம் வாங்க வரமாட்டாவ."

இதே மண்ணில், 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த கோவில்பட்டியில், நாடகத் திரைச்சீலை எழுதிவந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அங்கே எழுதிய தெய்வங்கள் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன. ஒரே வீட்டுச் சுவரில் ரோஜா நிறத்தில் முருகனும், பக்கத்தில் பென்சில் இழைத்த தாத்தாவும். எது முகம், எது ஒளி என்று கண் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அந்தச் சுவர். 1975இல் சிவப்பழகு க்ரீம் சந்தைக்கு வந்தபோது அதை வாங்கும் ஆசை தயாராகவே இருந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது, செல்போன் கேமராவின் 'பியூட்டி' பொத்தானில் வேலை தொடர்கிறது. நான் கர்வ்ஸைத் தூக்கிய கை எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். கோட்பாடு படித்த கைதான். அந்தச் சுவரையும் படித்த கை.

5

கலர் வந்தபோது அண்ணாச்சியின் விரலுக்கு வேலை போயிற்று. ரோல் லேபுக்குப் போனது. லேபுக்கு ஒரு மாதிரி வேண்டும், 'இந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி' என்று. 1954இல் அமெரிக்காவில் நீதிமன்ற உடன்பாட்டின்படி கோடாக் தன் கலர்ப் பிரதியெடுப்பை வெளி லேபுகளுக்கும் விட வேண்டிவந்தது. அப்போது இயந்திரத்தைச் சரிபார்க்க அது அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கோடாக்கில் வேலை பார்த்த ஷெர்லி என்பவர் பெயரால் 'ஷெர்லி அட்டை' என்றானது. பெண்கள் மாறினார்கள், தோல் மாறவில்லை. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இந்த வரலாற்றை எழுதினார். பழுப்பின் நுட்பங்களை ஃபிலிம் காட்டவில்லை என்ற புகாரை கோடாக் காதில் போட்டுக்கொண்டதில் சாக்லேட் கம்பெனிகளுக்கும் மரச்சாமான் கம்பெனிகளுக்கும் பெரும் பங்கு இருந்தது என்று அவர் காட்டுகிறார். கறுத்த மனிதர்களின் சார்பாக மேசை நாற்காலி வாதாடியிருக்கிறது! பல நிறப் பெண்களைக் கொண்ட அட்டை வர 1990களின் நடுப்பகுதி ஆயிற்று.

இன்னொரு நியமமும் உண்டு. இன்றைய எல்லாப் புரொஃபைல்களுக்கும் அடியில் கிடப்பது சி.ஐ.இ. என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் 1931இல் வகுத்த 'நியம நோக்கர்'. டேவிட் ரைட் 10 பேரையும் ஜான் கில்ட் 7 பேரையும் இங்கிலாந்தில் உட்கார வைத்து, நிறங்களைப் பொருத்திப் பார்க்கச் சொல்லி எடுத்த சராசரி அது. 17 பேர் கண்ணால்தான் உலகம் இன்றைக்கும் நிறம் அளக்கிறது. இதைச் சொன்னதும் 'பார்த்தீர்களா, காலனியக் கண்!' என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த 17 பேர் கண்ணும் என் கண்ணும் நிறம் பொருத்துவதில் பெரிதாக வேறுபடவில்லை. அளவுகோல் நன்றாகவே வேலை செய்கிறது. 1.8 என்ற சீட்டு ஒட்டி அந்த முகங்களை வெளியே கொண்டுவந்ததும் இதே அளவுகோல்தான். அந்தச் சீட்டுக்குப் பொது வடிவம் கொடுத்தது 1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் முதலிய கம்பெனிகள் சேர்ந்து அமைத்த ஐ.சி.சி. கூட்டமைப்பு.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் யார் என்ற நியமம் ஒன்று. பார்க்கப்படுபவர் யார் என்ற நியமம் இன்னொன்று. முதலாவது ஓர் ஒப்பந்தம். அதை வாங்கி நம் காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், விட்டுவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். இரண்டாவதில்தான் அதிகாரம் குடியிருக்கிறது. 'சரியான நிறம்' என்று நாம் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. தொழில்நுட்பத்தை மொத்தமாக மறுப்பவரும், மொத்தமாக நம்பி 'ஆட்டோ' அமுக்குபவரும் இந்தக் குழப்பத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

6

அக்காவிடம் திரும்பிப் போனேன். இந்த முறை மடிக்கணினியோடு. திரையின் நிறத்தை அளந்து திருத்தி, மூல ஸ்கேனைத் தொடாமல், புரொஃபைல் ஒட்டிய பிரதியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தே வேலை.

"சேலை என்ன கலரு அக்கா?"

"சந்தனக் கலரு. மஞ்சள்னு நினைக்காதிய. கரை அரக்கு."

சேலையைச் சந்தனத்துக்குக் கொண்டு வந்ததும் சாயம் வெளிறிய சிவப்பு எவ்வளவு என்று பிடிபட்டது. அதை மட்டும் கழித்தோம். முகம் வந்தது. அக்கா தன் முன்கையை எடுத்துத் திரையோரம் வைத்தார். "அம்மை என்னைய விட ஒரு நூலு கறுப்பு. இன்னும் கொஞ்சம் இறக்குங்க... இன்னும்... போதும்." ஷெர்லி அட்டை இருந்த இடத்தில் ஒரு மகளின் கை.

'மாநிறம்' என்று சம்பந்தம் பேசும்போதும் சொல்கிறோம், காணவில்லை அறிவிப்பிலும் எழுதுகிறோம். அது எந்த நிறம் என்று எந்த அட்டையிலும் இல்லை. கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்கு நிறம் மட்டுமல்ல, கோபமும் பொருள் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. கறுத்தல் என்பது ஒரு காலத்தில் ஒருவர் செய்கிற வினையாக இருந்தது, அளந்து குறிக்கப்படும் குறையாக அன்று.

படங்களைச் சேகரிக்கும் தோழர்களுக்கு, நான் தப்புச் செய்து கற்றதைச் சொல்கிறேன். மூலத்தைத் தொடாதீர்கள். பிரதியில் வேலை செய்யுங்கள். சீட்டு இல்லாமல் ஒரு கோப்பையும் வெளியே விடாதீர்கள். சீட்டு இல்லாமல் வந்த பழைய கோப்புக்கு, அது எந்த இயந்திரத்தில் பிறந்தது என்று விசாரித்துவிட்டு ஒட்டுங்கள். சீட்டை ஒட்டுவது வேறு, ஓர் அளவுகோலிலிருந்து இன்னொன்றுக்கு எண்களை மாற்றுவது வேறு. அவசரத்தில் இரண்டாவதைச் செய்தால் தவறான வாசிப்பு எண்ணிலேயே பதிந்துவிடும். வெளிச்சம் கூட்டினால் யார், என்றைக்கு, எவ்வளவு என்று கூடவே எழுதி வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் படம் என்றால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். படத்தில் இருப்பவரின் ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் தோல் நிறத்தில் கை வைக்காதீர்கள். நாம் இருட்டடிப்பை எதிர்த்துப் பேசிப் பழகியவர்கள், நம் கையாலேயே வெள்ளையடிப்பு நடக்கும் என்பதை யோசித்ததில்லை.

அச்சிட்ட படம் இப்போது அந்த வாடகை வீட்டுச் சுவரில் இருக்கிறது. பகலில் பார்த்தால் சந்தனச் சேலைதான். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் லேசாகப் பச்சை தட்டுகிறது. வேறொரு தாளில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"அது லைட்டோட குணம் தம்பி, அம்மைக்கு என்ன? பகல்ல வந்து பாருங்க" என்றார்.